ஸ்டெல்லா அக்காவும் ‘டீ’ என்ற சொல்லும்

செய்தி பஸ்ஸில் வந்தது. பாடசாலைக்குப் போகிற காலை பஸ். கைத்தொலைபேசியில் உள்ளூர்ச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹேவாஹெட்ட பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகினர், ஒருவர் உயிரிழந்தார், மேலதிக விசாரணைகளைப் பொலிசார் மேற்கொண்டு வருகின்றனர். இந்தச் செய்தியை நாம் எல்லோரும் பலமுறை வாசித்திருக்கிறோம். தோட்டத்தின் பெயர் மாறும். பெண்ணின் பெயர் மாறும். வாக்கியங்கள் மாறுவதில்லை. வழக்கம்போல் விரலால் தள்ளிவிட்டேன். அடுத்த செய்தி மின்கட்டணம் பற்றியது. பிறகு ஏனோ திரும்ப மேலே போனேன். பெயரை அப்போதுதான் வாசித்தேன்.

ஸ்டெல்லா. ஒரு பிள்ளையின் தாய்.

சுதர்சனுக்கு அழைத்தேன். அவனும் எங்களோடு வேலை செய்தவன். எடுத்ததுமே, “நீயும் பாத்துட்டியா” என்றான்.  இருவரும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று நின்று நகர்ந்தது.

இதை வாசிக்கப்போகிறவர்கள் அவரை அறிந்தவர்கள். ஹந்தானை ஏற்றத்தில், சுற்றுலாப் பயணிகளுக்காகத் திறந்துவைத்த அந்தப் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் எங்களோடு வழிகாட்டிகளாக நின்றவர்கள். அங்கே உற்பத்தி நின்று நெடுங்காலம். பார்ப்பதற்காக இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்கள். மேல் தளத்தில் கொழுந்தை வாட்டுகிற நீளத் தட்டுகள். கீழே ரோலர்கள். கடைசியில் கடை. ஆட்களை மேலிருந்து பேசிப் பேசிக் கீழே கொண்டுவந்து கடையில் விடுவது எங்கள் வேலை. கோயிலில் முப்பதாம் நாள் நினைவுப் பூசைக்குப் பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன். ஆறுதல் எதுவும் இதில் இல்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பேன்.

நான் அங்கே சேர்ந்தபோது மொழியியலில் பட்டம் முடித்துவிட்டு நியமனத்துக்காகக் காத்திருந்தேன். முதல் நாள் ஸ்டெல்லா அக்கா என் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே விசாரித்தார்.

“கம்பஸ் முடிச்ச புள்ளயா? என்னா படிச்சீங்க?”

சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்று படித்ததாகச் சொன்னேன்.

“அதுக்கு சம்பளம் குடுப்பாங்களா?”

“இல்லக்கா.”

“அப்ப சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க.”

ஊசியைக் குத்தி முடித்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான் அறிமுகம்.

அவர் ஹேவாஹெட்டவில் பிறந்தவர். இளம் வயதில் தாயோடு கொழுந்து பறித்தவர். பிறகு வெளிநாட்டில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் பிள்ளைகளை வளர்த்தார். ஆங்கிலம் அந்தப் பிள்ளைகளிடமிருந்து வந்தது. கணவர் பிரிந்துபோய்விட்டிருந்தார். திரும்பி வந்து, மகள் நிரோஷியோடு கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறை எடுத்தார். வழிகாட்டி வேலை இருந்தால் அறை இருக்கும். அறை இருந்தால் நிரோஷி கண்டியில் படிப்பாள். அவருடைய வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களில்தான் நின்றது. “கொழுந்தப் பத்திப் பேசித் திம்பேன். கொழுந்து பறிச்சுத் திங்க மாட்டேன்” என்று சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அது வேடிக்கைக்குச் சொன்னது இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு மத்தியானம் வழிகாட்டிகளின் அறையில் ப்ளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். நிறுவனம் எங்களுக்குக் கொடுத்திருந்த பேச்சு, சீன அரசர் ஒருவரின் வெந்நீரில் இலை விழுந்த கதையோடு தொடங்கும். அதைச் சொல்லிச் சொல்லி வாய் புளித்துவிட்டது என்றார் ஸ்டெல்லா அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லு படிச்சவங்கதானே. இந்த டீங்கிறது எங்கருந்து வந்துச்சு? வெள்ளக்காரன் பேச்சா?”

இல்லை என்றேன். சீனாவின் தென்கிழக்குக் கரையில் அந்த இலையை ‘தே’ என்றார்கள். டச்சுக்காரர்கள் அங்கே பண்டத்தை ஏற்றியபோது சொல்லையும் ஏற்றிக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயருக்கு. ஆங்கிலேயரும் முதலில் ‘டே’ என்றுதான் சொன்னார்கள். ‘டீ’ ஆனது பிற்பாடு. சீனாவின் மற்றப் பகுதிகளில் அதே எழுத்தைச் ‘சா’ என்று வாசித்தார்கள். அது வணிகர்களோடு தரை வழியே நடந்து, பாரசீகத்தில் ‘சாய்’ ஆகி, இந்தியாவுக்கும் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போனது. கப்பலில் போனது தே. தரையில் நடந்தது சா. விதிவிலக்குகள் உண்டு என்றும் சொன்னேன். விதிவிலக்குகளை யாரும் காதில் வாங்கவில்லை.

“அப்ப நம்ம தேத்தண்ணியில இருக்கிற தே?”

“அதேதான்கா. கப்பல்ல வந்தது.”

“நாமளும் கப்பல்ல வந்தவங்கதானே.” கொஞ்சம் யோசித்தார். “அதுக்கு மேல்தட்டுல எடம் குடுத்திருப்பாங்க. நம்மள அடியில போட்டிருப்பாங்க.”

மறுநாள் அவர் சீன அரசரை விட்டுவிட்டார். வந்திருந்த கூட்டத்தை மேல் தளத்தில் நிறுத்தி, உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஜெர்மன்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியரும் ஜன்னல் பக்கம். ரஷ்யர்களும் இந்தியர்களும் ஒரு துருக்கித் தம்பதியும் சுவர்ப் பக்கம். எல்லோரையும் பிரித்து நிறுத்திய பிறகு ஜன்னலைக் காட்டி, நீங்கள் கடல் என்றார். சுவரைக் காட்டி, நீங்கள் தரை. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு சொல்லைத் தங்களுக்கு யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்பதை அவர்கள் அதுவரை யோசித்ததே இல்லை. அவர் எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டால், சேலையைச் சற்று தூக்கிக்கொண்டு, தண்ணீரில் இறங்குகிறவர்போல ஜன்னல் பக்கம் போய் நிற்பார்.

நான் பாடமாகப் படித்ததை அவர் ஆட்களைக் கொண்டு நடத்திக் காட்டினார். நாங்களும் பழகிக்கொள்ள முயன்றோம். எங்கள் கூட்டங்கள் குழம்பிப்போயின. அவருடையது குழம்பாது. ஒருமுறை ஒரு போர்த்துக்கேயர் சுவர்ப் பக்கம் போக மறுத்தார். அவர்கள் வீட்டில் ‘சா’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் கடலில் முதலில் வந்தவர்கள் தாங்களே என்று அவருக்கு ரோஷம். படியோரமாக நின்ற என்னை அக்கா பார்த்தார். போர்த்துக்கேயர் சீனாவில் வணிகம் செய்த மக்காவ் துறைமுகம் பற்றி ஏதோ முணுமுணுத்தேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு, உங்கள் கப்பல் வேறு துறைமுகத்தில் நின்றிருக்கிறது ஐயா என்று ஆங்கிலத்தில் விளக்கினார். பிறகு எங்களிடம் தமிழில், “கப்பல் எங்க நிக்குதோ அந்த ஊரு வாயத்தான் ஏத்தும். இவரு என்னா செய்வாரு, பாவம்” என்றார். போலந்திலிருந்து வந்த வயதான இருவர் இரண்டு சொற்களையும் சொல்லவில்லை; ‘ஹெர்பாத்தா’ என்றார்கள். அவர்களுக்கு மட்டும் நடுவில் கதிரை போட்டு உட்கார வைத்தார்.

ஒரு மழை நாள். மூடுபனி தளத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஆட்கள் யாரும் வரவில்லை. ‘தே’, ‘சா’ இரண்டுக்கும் முன்னால் என்ன இருந்தது என்று அக்கா கேட்டார். அதற்கு மேலே போனால் நிலம் உறுதியாக இல்லை என்றேன். சீனாவின் தென்மேற்கு எல்லை மலைகளில் வாழ்ந்தவர்களின் பேச்சில் ‘இலை’ என்பதற்கு இருந்த சொல்தான் சீனருக்குப் போய், பிறகு இப்படியெல்லாம் ஆகியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் நினைக்கிறார்கள். நிரூபணம் இல்லை.

“மலைச் சனம் வெறும் இலைன்னுதான் சொல்லியிருக்கு.”

“அப்பிடித்தான் நெனைக்கிறாங்க.”

“அந்தச் சனம் இப்ப எங்க?”

எனக்குத் தெரியவில்லை. என் பாடத்தில் அந்தக் கேள்வி வந்ததில்லை. சொல் போன வழியைப் பின்தொடரக் கற்றுத் தந்தார்கள். சொன்னவர்கள் போன வழியை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவருடைய சுற்றில் ஒரு பகுதி கூடியது. கடைக்குள் நுழைவதற்குச் சற்று முன் கூட்டத்தை நிறுத்துவார். கடலும் தரையும் பிறகு வந்தவை. முதலில் இந்தச் சொல் மலையில் இருந்தவர்களுடையது. அவர்கள் இதை இலை என்று மட்டும் அழைத்தார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. குரலை உயர்த்தாமல் சொல்வார். சொல்லிவிட்டுக் கடைக் கதவைத் திறந்துவிடுவார். ஆட்கள் பேசாமல் உள்ளே போவார்கள். சிலர் எதையும் எடுக்காமலே மறுபக்கத்தால் வெளியே போனார்கள். முகாமையாளர் கூப்பிட்டுப் பேசினார். கோபக்காரர் இல்லை அவர். நன்றாகத்தான் இருக்கிறது மிஸ் ஸ்டெல்லா, ஆனால் கடைக்குப் பக்கத்தில் வேண்டாம், அதையும் மேல் தளத்திலேயே சொல்லிவிடுங்கள் என்றார். அக்கா அப்படியே செய்தார். மேலே சொன்னால், கீழே வருவதற்குள் ஆட்கள் மறந்துவிட்டிருந்தார்கள். விற்பனை பழையபடி ஆனது.

பிறகு நிறுவனம் காதில் மாட்டிக்கொள்கிற கருவிகளை வாங்கத் தீர்மானித்தது. பல மொழிகளில் பேச்சைப் பதிந்து வைத்துவிட்டால், பயணிகள் தாங்களே கேட்டுக்கொண்டு நடக்கலாம். ஆங்கிலத்துக்கு ஸ்டெல்லா அக்காவின் சுற்றைத் தெரிவுசெய்தார்கள். முகாமையாளரின் அறையில் ஜன்னல்களைச் சாத்தி, சத்தம் வராமல் சுவரோரம் மெத்தைகளைச் சாய்த்து வைத்தார்கள். அக்கா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். குரல்தானே அக்கா, சேலை எதற்கு என்று சுதர்சன் கேலி செய்தான். “கொரலும் உடுத்திக்கிட்டுத்தான் போகணும்டா” என்றார்.

தன் குரல் அந்தக் கருவிக்குள் போய்விட்டால் தன்னை வேலையிலிருந்து எடுக்க முடியாது என்று அவர் நம்பினார். வழிகாட்டிகளுக்குத் தலைமையாகப் போடுவார்கள் என்றும் நினைத்தார். அப்படி யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. நம்மவர்கள் இப்படித்தான் நம்புகிறோம். மறுக்கப்படாததை வாக்குறுதி என்று எடுத்துக்கொள்கிறோம்.

எனக்கு அந்த வேளையில் ஆசிரிய நியமனம் வந்தது. விலகினேன். கருவிகள் வந்திறங்கிய நாளில் பார்க்கப் போயிருந்தேன். ஸ்டெல்லா அக்கா ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழே, கடை வரை, ஒரு பயணியைப்போல நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். குரல் அவருடையது இல்லை. இங்கிலாந்துப் பெண் ஒருத்தியின் குரல். வாக்கியங்கள் அவருடையவை. கடலும் தரையும் இருந்தன. ஆட்களை இரண்டு பக்கம் நிறுத்துவது இல்லை. ஆளுக்கு ஒரு கருவி காதில், யார் யாரை நிறுத்துவது. மலைச் சனம் பற்றிய இடமும் இல்லை. கடை வாசலில் கருவியைக் கழற்றினார்.

“இங்கிலீசு நல்லா இருக்கு” என்றார்.

அதன் வயரைச் சுருட்டிக்கொண்டே தொடர்ந்தார்.

“நான் சொன்ன மாதிரியேதான் சொல்லுறா. மூச்சு விடுற எடத்துல கூட மூச்சு விடுறா. பாவம், அவ கொழுந்தக் கண்ணால கண்டிருக்க மாட்டா.”

கருவிகளைக் கொடுக்கவும் திரும்ப வாங்கித் துடைக்கவும் இரண்டு இளம் பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு மாத முடிவோடு வேலை சரி. யாரும் அவரைக் கடிந்து பேசவில்லை. போகும்போது ஒரு பெட்டி தேயிலை கொடுத்தார்கள். ஏற்றுமதித் தரம், தங்க எழுத்து. அன்று திரும்புகிற பஸ்ஸில் என்னைக் கண்டதும், அதை அவர் என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

பிறகு தேடல். நானும் தேடினேன். ஹோட்டல்களில் வயது கேட்டார்கள். மற்றத் தொழிற்சாலைகளிலும் அதே கருவிகள் வரப்போவதாகச் சொன்னார்கள். ஒரு கடையில் சீசன் வந்தால் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். கூப்பிடவில்லை. அறையை விடவேண்டி வந்தது. ஹேவாஹெட்டவில் தோட்டத்து லயத்தில், அண்ணனின் வீட்டில் ஒதுங்கினார்கள். நிரோஷிக்கு உயர்தரப் பரீட்சை முன்னால் இருந்தது. பள்ளிக்கூடத்தை மாற்ற அக்கா சம்மதிக்கவில்லை. பிள்ளை முதல் பஸ்ஸில் கண்டிக்கு இறங்கி, இருட்டியபின் ஏறினாள். அந்த பஸ் காசுக்காக அக்கா மலைக்குப் போனார். பேர் பதிந்த வேலை இல்லை. கைக்காசு வேலை. பறித்த கிலோவுக்கு அன்றன்றே காசு.

அதற்குப் பிறகு அவரை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில். பிள்ளையின் ஆசிரியரைச் சந்திக்க வந்து திரும்பிக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் கறுத்திருந்தன. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார்.

“கை மறக்கலங்க. எவ்வளவு வருசம். போன மொத நாளே தானா பறிக்குது. அதுதான் எனக்குக் கோவம்.”

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, வேறு வேலை பார்ப்போம் அக்கா என்றேன்.

“நிரோஷி பரீட்ச எழுதிட்டா போதும். அது வரைக்கும்தான். அதுக்கப்புறம் என்ன வேணும்னாலும் நடக்கட்டும்.”

ஹேவாஹெட்ட பஸ் வந்தது. கூட்டம் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனது. கம்பியைப் பிடித்த கை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

அவர் இறப்பதற்கு முந்தைய கிழமை ஒரு குரற்பதிவு அனுப்பியிருந்தார். “தங்கச்சி, பிசியா? ஒண்ணுமில்ல. நிரோஷிக்குப் பொருளியல் பாஸ்ட் பேப்பர் புத்தகம் வேணுமாம். ஒங்க ஸ்கூல்ல பழசு இருந்தாலும் பரவால்ல. புதுசு வாங்கிறாதீங்க.” பின்னால் காற்று. பெண்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். “சரி வைக்கிறேன், கங்காணி வாறாரு.” நான் புதுசுதான் வாங்கினேன். அடுத்த வெள்ளிக்கிழமை குட்ஷெட்டில் நிரோஷியிடம் கொடுப்பதாக எழுதி அனுப்பினேன். அந்த வெள்ளி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நடந்ததைப் பார்வதி என்ற பெண் சொன்னார். அடுத்த நிரையில் பறித்துக்கொண்டிருந்தவர். அவர் கண் ஒன்று இன்னும் வீங்கியிருந்தது. கூடு எங்கே இருந்தது என்று தெரியாது. முதலில் சத்தம். எல்லோரும் ஓடினார்கள். ஓடுகிற திசை எல்லோருக்கும் பழக்கம். பாதைப் பக்கம் ஓடக்கூடாது, கீழே தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து படுக்க வேண்டும். ஸ்டெல்லா அக்கா பாதைப் பக்கம் ஓடியிருக்கிறார். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கு செடியில் சிக்கிவிட்டது. “மறந்திருச்சுங்க அதுக்கு. கண்டியில இருந்த பொம்பளதானே” என்றார் பார்வதி. கொழுந்து லொறியில்தான் கொண்டுபோனார்கள். கொழுந்தை இறக்க நேரமில்லை. அதன் மேலேயே கிடத்தினார்கள். வைத்தியசாலை வாசல் வரைக்கும் மூச்சு இருந்ததாம்.

அடக்கத்துக்குப் போகும்போது புத்தகத்தைப் பைக்குள் வைத்திருந்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால், வேறு எதைக் கொண்டுபோவது. மழை விடாமல் தூறியது. சுவாமியார் செபத்தைச் சுருக்கமாக முடித்தார். திரும்பி வந்தபின் லயத்து வாசலில் கங்காணி, நிரோஷியின் மாமாவோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். அவர்தான் லொறியைக் கூப்பிட்டவர். அவர் கையிலும் கொட்டின தடிப்பு இருந்தது. புள்ளைக்கு வயது வந்துவிட்டதுதானே, தொரைகிட்ட சொல்லித் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்துவிடலாம், நீங்களும் எத்தனை பேரைத்தான் பார்ப்பீங்க என்று அவர் சொன்னது கேட்டது. மாமா தலையாட்டினார். அங்கே யாரும் கொடுமைக்காரர் இல்லை. ஒரு கொடுமைக்காரர் இருந்திருந்தால் அவரோடு சண்டை பிடித்திருக்கலாம்.

நிரோஷி உள்ளே தேத்தண்ணிக் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். புத்தகத்தை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முதல் பக்கத்தைப் புரட்டி, விலையைப் பார்த்தாள்.

“இனி எதுக்கு டீச்சர்.”

பரீட்சை இருக்கிறதுதானே என்றேன். அம்மா அதற்காகத்தான் என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.

“அதுக்காகத்தான் செத்துப்போச்சு” என்றாள். சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. புத்தகத்தில் ஈரம் படாமல் இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாள். “வேற புள்ளைக்குக் குடுங்க. புதுசா இருக்கு.”

வேறு பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. அலுமாரியில் வைத்திருக்கிறேன். குரற்பதிவும் இருக்கிறது. நிறுவனத்துக்குத் தேவைப்படாமல் போன அந்தக் குரல், இங்கிலீசு இல்லாமல், தேயிலை பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், பழைய புத்தகம் போதும் என்கிறது. ஸ்டெல்லா அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியவை இந்த இரண்டும்தான். நிரோஷி கேட்கிற நாளில் கொடுத்துவிடுவேன். அவள் கேட்கவில்லை. போன கிழமை தோட்டத்தில் பேர் பதிந்துவிட்டாள்.